உன் பக்கத்துப் படுக்கை

பொன்மணிக்கு,

உன் இருமல் நின்றுவிட்டது என்று உன் அண்ணன் சொன்னான். அம்மா வீடு உனக்கு ஒத்துக்கொண்டது போல.

"நாயைக் கட்டில்ல படுக்க விட்டா இருமல் வராம என்ன செய்யும்? அதை வெரட்டிட்டுச் சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இருக்கன்குடி பஸ் ஏறினாய். நாய் முடிதான் காரணம் என்று நானும் நம்பினேன். ஆனால் விரட்டவில்லை. வீட்டில் மூச்சு விடும் சத்தம் இன்னொன்று வேண்டியிருந்தது. நீ படுத்த இடத்தில் கருவாயன் என் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

இப்போது அவனும் இருமுகிறான், உன்னைப் போலவே. விருதுநகர் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவன் முதுகைத் தடவிவிட்டுத் தன் கையைக் காட்டினார். விரலெல்லாம் வெள்ளியாக மினுங்கியது.

"பட்டாசுக் கம்பெனியிலயா வேலை பாக்கீக?" என்றார்.

புதுப்பட்டிக் கம்பெனியில் வெடிமருந்து கலந்துவிட்டு வந்து தினமும் குளிக்கத்தான் செய்கிறேன். ஆனாலும் மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் தலைமுடியிலும் காதுமடலிலும் தங்கிவிடுகிறது. தலையணையிலும்.

போர்வையை வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டேன். கட்டிலில் கருவாயன் தனியாகப் படுக்கிறான். நான் வாசலில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்துக்கொண்டேன்.

விரட்ட வேண்டியதை விரட்டிவிட்டேன். நீ வரலாம்.

உன் வீட்டுக்காரன்