முகத்துக்கு வராமல் போன வியாழக்கிழமை

அன்புள்ள அத்தான்,

நீங்கள் செய்த சிலையை நேற்றுக் காலை ஊர் மண்டபத்து முற்றத்தில் நிறுத்திவிட்டோம். கிரேன் வந்தது, எட்டுப் பேர் பிடித்தார்கள், ஒரு கீறல்கூட விழவில்லை. இதை முதலில் சொன்னால்தான் மற்றது உங்கள் காதில் ஏறும்.

முப்பது வருடம் தூத்துக்குடி வீடுகளுக்கு அலமாரியும் சமையல் மேடையும் ஃபால்ஸ் சீலிங்கும் வடிவமைத்துக் கொடுத்தவர், அறுபத்தோரு வயதில் முத்தையாபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையை வாடகைக்கு எடுத்தீர்கள். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. ஏன் இப்போது இரும்பு என்று நான்தான் கேட்டேன். "ஏலே, நான் செஞ்சதையெல்லாம் பத்து வருஷத்துல பிச்சுப் போட்டுருதாங்க. பிய்க்க முடியாத ஒண்ணு செஞ்சு பாக்கேன்" என்றீர்கள்.

முதல் சிலை, மீன்கூடை சுமக்கும் பெண். உடைத்த கப்பலின் தகடு. முன்னால் நின்றவர்கள் அசந்து போனார்கள். பத்திரிகை நிருபர் தொழில் பழக்கத்தில் நான் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே பெண் இல்லை. ஆங்கிள் கம்பிகளும் வெல்டிங் சொட்டுகளும்தான், அலமாரியின் முதுகு போல.

"அத்தான், பின்னால ஒண்ணையும் காணோமே?"

"சுவத்துல சாத்தி வச்சே பழகிட்டேன்லே!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அதனால்தான் அடுத்த சிலையை முதுகிலிருந்து தொடங்கினீர்கள். முத்துக்குளிக்க ஒருவன் இறங்கினால், மேலே தோணியில் அவன் கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். கூடப் பிறந்தவளின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை நழுவாது. அந்த மச்சினனைச் செய்ய என்னையே நிற்க வைத்தீர்கள். வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி, "தொப்பைய இழுக்காத, கயித்த இழு" என்று நான்கு மாதம் என் முதுகை மட்டும் பார்த்தீர்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை போன் செய்தீர்கள். "முதுகு முடிஞ்சுட்டுலே. நாளைக்கு முகத்துக்கு வா." துறைமுகத்தில் ஒரு கூட்டம், அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை கூட்டம் நடந்தது, செய்தி எழுதினேன். என்ன செய்தி என்று இன்று எனக்கே நினைவில்லை. சனிக்கிழமை காலை பட்டறைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்த வியாழன் வந்திருந்தால் முகம் முடிந்திருக்குமா, அத்தான்?

போன வாரம் ஊர்க் கமிட்டியிலும் அதுதான் பேச்சு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. "வேற வெல்டரக் கூப்பிட்டு மூக்கு முழி வச்சிருவோம்" என்றார் ஒருவர். "இல்லன்னா முகத்தச் சுவர்ப் பக்கமாத் திருப்பிச் சாத்திருவோம் அண்ணாச்சி, பிள்ளைக பயப்படும்" என்றார் செயலாளர்.

முப்பத்தைந்து வருடமாகக் கூட்டங்களில் ஓரமாய் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். முதல்முறையாக எழுந்தேன். அது என் முகம், கூப்பிட்டபோது நான் போகவில்லை, வேறு யாரும் அதைத் தொட வேண்டாம் என்றேன். 

கூட வந்திருந்த அக்கா தன் பையிலிருந்து உங்கள் அளவு டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். "கட்டிலச் சுத்தி மனுசன் நடக்க மூணடி விடணும்னு உங்க வீட்லல்லாம் சண்டை போட்டவரு. அவரு சிலைக்கு மூணடி விடமாட்டியளா?"

செயலாளர் சிரித்துவிட்டார். "மூணு என்ன மைனி, ஆறடியே விடுதோம்."

விட்டார்கள். முன்னும் பின்னும் சுற்றி வரலாம். இன்று காலை ஒரு சிறுமி அந்த இரும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பயந்ததாகத் தெரியவில்லை.

உப்புக்காற்று தகட்டைச் சும்மா விடாது. வியாழன்தோறும் காலையில் எண்ணெய்த் துணியோடு வருவேன். முதுகைத் துடைத்துவிட்டு முன்பக்கம் வந்து, "முகம் முடிஞ்சுட்டுலே" என்று நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய நேரம் வரை நிற்பேன். எந்தக் கூட்டமானாலும் காத்திருக்கட்டும்.

கயிற்றை இன்னும் கையில் வைத்திருக்கும்
உங்கள் மச்சினன்