வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து

அன்புள்ள விக்டோரியா,

இந்த ஞாயிறு குழந்தையோடு நீ காக்களூருக்கு வர வேண்டாம். அம்மா வீட்டிலேயே இரு.

என்னோடு வேலை செய்த சின்னராசு கத்திக்குத்து வழக்கில் சிறைக்குப் போனானே, அதில் நானும் ஒரு சாட்சி. உன்னிடம் மறைத்துவிட்டேன். அன்று கம்பெனி வாசலில் ஒரு போலீஸ் ஏட்டு என்னை நிறுத்தி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார். குத்தியவனுக்கு என் கண்ணெதிரே சின்னராசு கத்தியை எடுத்துக் கொடுத்ததாகப் பிறகு அதில் எழுதிக்கொண்டார்கள். பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. பதினொரு மாதம் அவன் உள்ளே கிடந்தான்.

நேற்று திருவள்ளூர் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"அவர் கத்திய எடுத்துக் குடுத்தத நீங்க பாத்தீங்களா?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார்.

ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். வெத்து பேப்பர்லதான் கையெழுத்து போட்டேன்" என்றேன்.

சின்னராசு தலையைக் குனிந்து அழுதான். இனி அவனுக்கு விடுதலைதான் என்றார் வக்கீல்.

வெளியே வந்ததும் ஏட்டு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "இன்னாபா, கொழந்த பொறந்துகீதாமே? எந்த ஊர்ல கீறாங்க?"

நான் திரும்பிப் போய் நீதிபதியிடமே சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு, எனக்குப் பாதுகாப்பு கொடுக்க உத்தரவிட்டார்.

இதைத் தபாலில் போடாமல் உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

காலையிலிருந்து பாதுகாப்புக்கு இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். அவர்களும் போலீஸ்தான், விக்டோரியா. கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன்னுடையவன்