சுகன்யா கேட்ட கேள்வி

நெட்டப்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்வகுமாரிக்கு அம்மா எழுதுவது. பிரான்சில் அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. தம்பி அரிகரனின் காரியத்தன்று வீடியோ காலில், 'எனக்கு முன்னாடியே தெரியும்மா' என்று அழுது போனை வைத்தவள்தான், அதற்கப்புறம் நீ எடுக்கவே இல்லை, மாப்பிள்ளைதான் பேசுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா கரும்பு வெட்டு முடித்துவிட்டார். மோட்டார் கொட்டகைப் பக்கம் மட்டும் போவதில்லை, கையில் ஊசியோடு தம்பி கிடந்தது அங்கேதானே. போன வாரம் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. லில்லி வந்திருந்தார், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவர். 'நாங்க காக்கி போட்டுக்கினு சொன்னா கை தட்டிட்டுப் போயிடுதுங்கம்மா, நீங்க ஒருதரம் வந்து நில்லுங்க' என்று கேட்டார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் போனேன்.

என்னத்தைப் பேசுவது. என் பையன் எலக்ட்ரீசியனுக்குப் படித்தான், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டான், செத்துப்போனான் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். லில்லி மைக்கை வாங்கி, உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். ஒன்பதாவது படிக்கிற சுகன்யா என்ற பெண் எழுந்து, 'சொன்னா எங்க அண்ணனை அடிப்பீங்களா மேடம்?' என்று கேட்டாள். லில்லி மேடையை விட்டு இறங்கி அவளிடம் போய், 'அடிக்க மாட்டேன்மா, யூனிபார்ம் இல்லாம நானே வரேன், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்' என்றார். அவள் என் பக்கம் திரும்பி, 'எங்க அம்மா தலைமேல அண்ணன் சத்தியம் வாங்கிக்கினான், சொல்லிட்டா அம்மா செத்துடுவாங்களா?' என்றாள். சாகமாட்டாங்கடி கண்ணு என்றேன். சொல்லும்போதே எனக்கு உன் நினைப்பு வந்தது. உன்னிடமும் தம்பி என் தலைமேல்தானே சத்தியம் வாங்கியிருப்பான். என் உயிருக்குப் பயந்துதானே நீ வாயைத் திறக்கவில்லை.

சொன்னபடி லில்லி சாயங்காலம் சுடிதாரில் வந்தார், சுகன்யா வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவள் அண்ணன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டான், நாங்கள் கெஞ்சிய பிறகுதான் வெளியே வந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கை நடுங்குகிறது, ஆனால் சாப்பிடுகிறானாம். அவன் அம்மாதான், 'கூடப் பொறந்தவனையே காட்டிக்குடுத்துட்டியேடி' என்று சுகன்யாவிடம் முகம் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவள் நம் வீட்டுக்கு வந்து அழுகிறாள். நேற்று தம்பி தட்டில் சோறு போட்டேன், சாப்பிட்டாள்.

அவள் போனதும் எனக்கு வயிறு எரிந்தது செல்வி. ஒருத்தி சொன்னாள், ஒருத்தியின் பிள்ளை இருக்கிறான், என் பிள்ளை இல்லையே என்று. உன்மேல் கோபமும் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கோபத்தோடேயே உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. நீ அவனைக் கொல்லவில்லை கண்ணு. யாரும் சொல்லாவிட்டாலும் உனக்கு நீயே அப்படிச் சொல்லிக்கொள்வாய், எனக்குத் தெரியும், வேண்டாம்.

குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்காதே. வேளைக்குச் சாப்பிடு. கோகிலாம்பிகை உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். ஆவணியில் தம்பிக்கு முதல் திவசம், 'அவளை வரச்சொல்லு' என்று அப்பா வாயாலேயே சொல்லிவிட்டார். மறக்காமல் லீவு சொல்லிவிடு. வந்து என் மடியில் விழுந்து அழு, அங்கே தனியாக அழாதே.

உன்னைப் பெற்றவள்,
தையலம்மாள்