பாதி அரைத்த மிளகாய்

லோகப்பிரியா கண்ணுக்கு,

உடுமலைப்பேட்டையிலிருந்து அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது போனில் பேச முடியாது. எனக்கு டைப் அடிக்கவும் வராது. தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

மார்கழிப் பனி அதிகம். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை.

அம்மாவுக்கு வாயுக்கோளாறு என்று உன்னிடம் சொல்லிவந்தது பொய். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆடியிலேயே தெரியும்.

தீபாவளியன்று ஜெர்மனியிலிருந்து வீடியோவில் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே. கருவில் உடம்பு உருவாகும்போது வேலை செய்யும் சில ஜீன்கள் பிறகு அடங்கிவிடும், பெரியவர்கள் உடம்பில் அவை மறுபடி விழித்தால் புற்றுநோய் வளரத் துணைபோகலாம், அதைத்தான் தேடுகிறோம் என்றாய். அம்மா முறுக்கைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினாள். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கார்த்திகையில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். இந்த நோயைக் கொடுத்தது யாராக இருந்தாலும் சரி, மிளகாய் அரைத்து அங்கே நீதிக்கல்லில் பூசினால், கெடுதல் செய்தவர் உடம்பு எரியும்படி அம்மன் கேட்டுக்கொள்வாள் என்றாள். அவள் பிடிவாதத்திடம் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? நிற்கவே தெம்பில்லாதவள் உட்கார்ந்து அரைத்தாள். பாதியில் கை நின்றது. விழுதைக் கல்லில் பூசாமல், வாரிப் போட்டுக் கையைக் கழுவிவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் அழுதாள். "ஏனுங்க, பிரியா வயித்துல இருந்தப்போ முழிச்ச ஜீனுதானுங்க தூங்காமப் போயிருச்சு. நாம்பாட்டுக்குப் பூசியிருந்தா அம்மன் எம்புள்ளையையல்ல கேட்டிருப்பா? அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க, தன்னாலதான்னு ஒடஞ்சு போயிருவா" என்றாள்.

படித்துப் படித்துச் சொன்னேன். பூவாத்தா, அது பிரியாவைச் சுமந்தபோது வந்ததில்லை, நீயே உன் அம்மா வயிற்றில் கருவாக இருந்தபோது உன் உடம்பை உண்டாக்கிய ஜீன், எல்லோருக்கும் உள்ளதுதான் என்றேன். பத்தாவதோடு நின்றவன் சொன்னால் கேட்பாளா?

இப்போது வேறு பயம். பாதி அரைத்துவிட்டோமே, அது பிள்ளையைத் தொட்டிருக்குமோ என்று. அதனால்தான் தினமும் போன் போட்டு, கண் எரிகிறதா, கை எரிகிறதா என்று கேட்கிறாள். நீ விஷயம் தெரியாமல் சிரிக்கிறாய். போனை வைத்ததும், எரிச்சலைப் பிள்ளை மறைக்கிறாள் என்று என்னிடம் சொல்கிறாள்.

போன புதன்கிழமை கோயம்புத்தூர் டாக்டர், இனி மருந்து ஏற்ற வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை கண்ணு. தோட்டத்துக்குப் போய்த்தான் அழ முடிகிறது.

உன் வேலை எப்போது முடியும் என்று கேட்கமாட்டேன். கிளம்பி வா. அம்மா கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, உன் ஆராய்ச்சியை மறுபடி விளக்குவதுபோல, பிள்ளையைச் சுமந்ததால் வருவதில்லை அம்மா என்று நீயே சொல். படித்தவள் சொன்னால் நம்புவாள். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

அந்தப் பாதி மிளகாயை அம்மன் மறந்துபோகட்டும். அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியும்போதே உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அப்பா,
பாலுசாமி