தண்ணீர் மேசையில் நின்றவள்

தெஹிவளை
18.11.2024

யதுஷா மகளுக்கு,

உங்கள் உடம்புக்குச் சுகத்தையும் மனதுக்கு ஆறுதலையும் தரும்படி இறைவனிடம் துஆச் செய்துகொண்டு எழுதுகிறேன். போனில் கதைக்கத் தொடங்கினால் இரண்டு பேருக்கும் அழுகைதான் வருகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் புது விலாசத்தை என் மகன் மஷூர்தான் தேடித் தந்தான். ஏன் மகள் வெள்ளவத்தையை விட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனீர்கள்? பக்கத்தில் இருந்தால் நானே எட்டிப் பார்த்திருப்பேனே.

றுஷ்னா மவுத்தாகி நாற்பது நாள் கழிந்துவிட்டது. லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தால், கண் மூட முன்னமே அவள் குசினி வாசலில் நிற்கிறாள். அன்று மரதன் ஓடப்போன அதே உடுப்பு. உதடு வெடித்திருக்கிறது. பேசமாட்டாள், தண்ணீர் வைத்த மண் கூசாவையே பார்ப்பாள். நான் எழும்பிக் கிளாஸை நிரப்பிக்கொண்டு போவதற்குள் வாசல் வெறுமையாகிவிடும். நிரப்பினதைக் கொட்டவும் மனம் வருவதில்லை.

இரத்தத்தில் உப்பு குறைந்து மூளை வீங்கிவிட்டது என்றுதான் டொக்டர் சொன்னார். ஐந்து மணித்தியாலம் வெயிலில் ஓடினால் உப்பெல்லாம் வேர்வையில்தானே போயிருக்கும்? என் பிள்ளை தாகத்தோடா போனாள்? அன்று ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கிற தண்ணீர் மேசையில் நின்றது நீங்கள். கடைசியாக அவளோடு பேசினதும் நீங்கள்தான். அவள் தண்ணீர் கேட்டாளா, அது கிடைத்ததா? இதை மட்டும் எழுதுங்கள் மகள்.

றுஷ்னாவின் உம்மா,
ஸமீமா


கொட்டாஞ்சேனை
27.11.2024

அன்பின் ஸமீமா அன்ரி,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஓம் அன்ரி, அவளுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஒவ்வொரு தரமும் நானே என் கையால் கொடுத்தேன். அவள் தாகத்தோடு போகவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

வெள்ளவத்தை ஃபிளற்றின் ஜன்னலைத் திறந்தால் அவள் ஓடின அந்த ரோட்டுத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் ஓடப் பழகுவார்கள். சப்பாத்துச் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே அதில் எது அவளுடையது என்று என் காது தேடும். அவளுக்கு இடது கால் கொஞ்சம் இழுபடும், தெரியும்தானே? அவள் போன பிறகும் ஒரு நாள் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன், ரோட்டில் ஒருவரும் இல்லை. அடுத்த கிழமையே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேலைக்குப் போய் வருகிறேன். நீங்கள் பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
யதுஷா


தெஹிவளை
02.01.2025

என் மகள் யதுஷாவுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதமா எழுதுவது? கோபமில்லை, கவலைதான். என்னைத் தேற்றுவதற்காக அப்படி எழுதினீர்கள் என்று விளங்குகிறது. தாகமில்லாத பிள்ளை ஏன் மகள் தினமும் கூசாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்?

ஆஸ்பத்திரியில் அவளுடைய மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். விரல் அப்படி வீங்கியிருந்தது. மோதிரம் இருந்த இடத்தில் பள்ளம். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஓடப் பழகிய கடற்கரை வீதியில் மஷூரின் சிநேகிதருக்கு ஒரு கடை உண்டு. அதன் சுவரில் அவள் பெயரால் குடிதண்ணீர்க் குழாய் பூட்டப் போகிறோம். குடிக்கிறவர்களுடைய நன்மை அவளுக்குப் போய்ச் சேரும். நோன்புக்கு முன்னம் திறக்க வேண்டும். "தாகத்தோடு பிரிந்த எங்கள் மகள் றுஷ்னாவின் நினைவாக" என்று கல்லில் வெட்டக் கொடுத்திருக்கிறேன். முதல் கிளாஸை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். எனக்கு இப்போது மகள் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தானே.

எந்த நாள் தோது என்று எழுதுங்கள்.

அன்பு உம்மா,
ஸமீமா


கொட்டாஞ்சேனை
14.01.2025

அன்பின் ஸமீமா அன்ரி,

அந்தக் கல்லை வெட்ட விடாதீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

நாங்கள் ஓடத் தொடங்கின முதல் வருஷம் அதே ஓட்டத்தில் முப்பதாம் கிலோமீற்றரில் நான் தண்ணீர் குடிக்காமல் சுருண்டு விழுந்தேன். றுஷ்னா தன் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை முழங்கால் நோவால் நான் ஓடவில்லை. அவள் அப்படி விழக்கூடாது என்பதற்காகத்தான் தண்ணீர் மேசையைக் கேட்டு வாங்கினேன். ஒரே ரோட்டில் போய்த் திரும்பி வருகிற நான்கு சுற்று. என் மேசையை அவள் எட்டுத் தரம் கடக்க வேண்டும். முதல் ஐந்து தரமும் இரண்டு கப், மூன்று கப் என்று கொடுத்தேன். குடித்து முடிக்காமல் போக விடவில்லை.

ஆறாம் தரம் நடந்துதான் வந்தாள். மோதிரத்தைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"இனி ஏலாடீ. வகுறு தளும்புது. தலயும் இடிக்குது."

"அது தண்ணி காணாத தலையிடி. குடியடி."

"போதும்டீ..."

"நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். முடிச்சிட்டுப் போ."

போத்தலைத் திறந்து கையில் திணித்தேன். சிரித்தாள். எனக்காகத்தான் குடித்தாள்.

ஏழாம் தரம் வந்தபோது வெறும் தண்ணீராகச் சத்தியெடுத்தாள். "இது எந்த ரோட்டுடீ?" என்று கேட்டாள். ஆறு வருஷமாக நாங்கள் ஓடின ரோட்டு, அன்ரி! வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். கதிரையில் இருத்தி இன்னும் குடிக்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, எவ்வளவு குடித்தாள் என்று கேட்டார். கணக்குச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேர்வையில் போனதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனால் இரத்தத்தில் இருக்கிற உப்பு நீர்த்துவிடுமாம். விரல் வீங்கினதும் அதனால்தான். மூளை வீங்கினதும் அதனால்தான்.

அவள் தாகத்தோடு போகவில்லை. நான் கொடுத்த தண்ணீரால் போனாள். என்னால் அந்தக் குழாயில் ஒரு கிளாஸ் நிரப்ப ஏலாது. என்னை மகள் என்று எழுத வேண்டாம்.

யதுஷா


தெஹிவளை
09.02.2025

யதுஷாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிடத்தான் முதலில் எடுத்தேன். பிறகு மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மஷூருக்குக் காட்டவில்லை. உங்கள் மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

றுஷ்னா இப்போதும் வருகிறாள். அதே வாசலில் நிற்கிறாள். முன்பெல்லாம் கிளாஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இப்போது அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜக்கைக் கழுவிக்கொண்டு நின்றபோது ஒன்று ஞாபகம் வந்தது. அன்று அவள் வீட்டை விட்டு இறங்க முன்னம், நாள் முழுக்க ஓடப் போகிற பிள்ளை என்று ஒரு ஜக் நிறையத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றேன். குடித்தாள். மீண்டும் நிரப்பினேன். "உம்மா, போதும். வகுறு நெறஞ்சிட்டு" என்றாள். "குடிச்சிட்டுப் போங்க மகள், வெயிலுக்குத் தாங்கோணும்" என்றேன். அதையும் குடித்தாள். எதிர்த்துப் பேசாத பிள்ளை.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மறைக்கவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று பேனையை எடுத்தேன். எழுத வரவில்லை. அப்படி எழுதினால் எனக்கு யார் எழுதுவது?

கல்லில் அவள் பெயரை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டேன். குழாயை நிறுத்தவில்லை. அந்த ரோட்டில் போகிற ஆட்களுக்கு விடாய்க்கும்தானே.

இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு குழாயைத் திறக்கிறார்கள். நீங்கள் அங்கே வர வேண்டாம். நானும் போகப் போவதில்லை. வீட்டில் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். நான் தனியேதான் இருப்பேன். கதவைப் பூட்ட மாட்டேன்.

ஸமீமா