செல்வியின் கால்

ஐப்பசி 12, வியாழன்

இன்று பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு டாக்டரம்மா வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்புச் செல்வி நொண்டுவதை நான்தான் கவனித்தேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்று காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட என்னடி வெட்கம்? காட்டு" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன்.

காட்டினாள். விரலிடுக்கெல்லாம் புதுச் சேற்றுப்புண்.

வயல் சேற்றில் நாள் முழுக்க நின்றால் வரும் புண் அது. கூலி உயர்வு கேட்டுச் செல்வியின் தெருவில் பத்து நாளாக யாரும் மிராசுதார் வயலில் நடவுக்கு இறங்கவில்லை. இவள் மட்டும் இறங்கியிருக்கிறாள். அதைத்தான் மறைத்திருக்கிறாள்.

பக்கத்தில் இருந்த அதே தெருப் பெண்கள் மூவரும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். டாக்டரம்மா கொடுத்த களிம்பை அவள் எடுத்துப்போகவில்லை. இதோ, என் பையில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் ஒருத்தியும் போகவில்லை. அதே வகுப்பு மல்லிகாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தொட்டுப் பார்த்தேன். கையை உதறிவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர்."