சிவப்பு சுவிட்ச்

வெள்ளிக்கிழமை, இரவு.

வலது கை வீங்கியிருக்கிறது. எழுத்து கோணுகிறது.

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் என் மகள் நந்தினி, தன் சம்பாத்தியத்தில் பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் வாங்கினாள். கள்ளக்குறிச்சி கடையிலேயே நேற்று மாட்டித் தந்தார்கள். இன்று காலை வீட்டில் ஆன் செய்ததும் பவர் சப்ளை வெடித்தது. புகைக்குள் அவள் அலறினாள்.

கம்ப்யூட்டர் பெட்டியோடு கடைக்கு ஓடினேன்; நந்தினியும் பின்னாலேயே வந்தாள். "எம்பொண்ண கொல்லப் பாத்தியாடா?" என்று கடைக்காரர் வாயில் குத்தினேன். அவர் கீபோர்டை என் மண்டையில் உடைத்தார். இருவருக்கும் ரத்தம். நந்தினி நடுவில் விழுந்து பிரித்தாள்.

அவர் பெட்டியைத் திருப்பினார். பின்னால் பவர் சப்ளையின் சிவப்பு சுவிட்ச், நம் ஊர் கரண்டுக்கான 230 வோல்ட்டுக்குப் பதில் 115இல் இருந்தது.

"யாருங்க இத தள்ளனது?"

நான்தான், நேற்று சாயங்காலம். "கரண்டு கம்மியா இழுக்கும்னு..."

"இன்னாப்பா நீ! கார்டும் போயிருந்தா?" நந்தினி அழுதாள். பத்தாவது பெயிலான என் மூளை கரண்டு பில்லில் மிச்சம் பிடித்த லட்சணம்.

கடைக்காரர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கார்டை வேறு கம்ப்யூட்டரில் செருகினார். படம் வந்தது.

"கார்டு பொழச்சிக்கிச்சி. எம்பல்லுதான் ஆடிக்கினு இருக்கு."

வேறு பவர் சப்ளை மாட்ட நாளை வீட்டுக்கு வருகிறார். சாப்பிடச் சொல்ல வேண்டும். கறிக்குழம்பு வைக்கலாமா என்றேன்.

"கஞ்சி வெக்கறேன்" என்றாள் நந்தினி, சிரிக்காமல்.